சத்தமில்லாத கொத்து

கண்டியில் கொத்து ரொட்டி சத்தமே இல்லாமல் தயாராவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை பின்னேரம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நிஸாம் நானாவின் கடையில்.

வழக்கமாக அந்தத் தெருமுனைக்கு வரும்போதே காதுக்குள் மழை இறங்கும். சுடச்சுட இரும்புக் கல், அதன்மேல் இரண்டு தகடுகள் — டக்கடக்கடக்... பசி இல்லாவிட்டாலும் கால் திரும்பிவிடும். அன்றைக்கு மூச்சுப் பேச்சில்லை. கொத்துப் போடுகிற செல்வம் கத்தரிக்கோலால் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன நானா இது?"

"மேல டியூஷன் சேர் கம்ப்ளெயின்ட். சத்தம் நிக்காட்டி மாசக் கடைசில கடைய உட்டுட்டுப் போங்க எண்டு பில்டிங்காரர் செல்லிட்டாரு."

மாடியில் அந்த டியூஷன் ஆசிரியர் நடத்துவது என்ன பாடம் தெரியுமா? உயர்தரப் பொருளியல். நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சியாண்மை — நான்கும் சேர்ந்தால் உற்பத்தி என்று மேலே படிப்பிக்கிறார்கள். கீழே நான்கும் இருக்கின்றன. தெருமுனை இடம், செல்வத்தின் தோள், இரும்புக் கல், நானாவின் துணிச்சல். ஆனால் கொத்து? பாதிகூட வரவில்லை.

"தாளம் இல்லாம கை ஓட மாட்டேங்குதுங்க," என்றார் செல்வம். "சலூன் வச்ச மாதிரி இருக்கு. அடுத்து வர்றவரு ஷேவிங் கேப்பாரோன்னு பயமா இருக்கு."

"கேக்க ஆள் வந்தாத்தானே," என்றார் நானா.

உண்மைதான். கம்பளை பஸ்ஸுக்கு நிற்கிற சனம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ளே வரும். இப்போது மேசையில் ஒரே ஒரு ஈ... அதுவும் அரை மனதோடு.

அப்போது மாடிப்படியில் காலடி. டியூஷன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், இறங்கி வந்தார். நானா கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"நானா, உந்தக் கத்தரிக்கோலை வையுங்கோ. தகட்டை எடுத்துத் தட்டுங்கோ."

"சேர் தானே வேணாம் எண்டீங்க?"

"ஓம், சொன்னனான். இந்தக் கிழமை, திங்கள் துவங்கி இண்டைக்கு வரைக்கும், முழுக்க அமைதி. பிள்ளையள் முழுக்க நித்திரை. பின் வரிசை வாங்கில குறட்டை. முந்தி உங்கட சத்தத்துக்கு மேலால கத்திப் படிப்பிச்சனான். அதுகளும் முழிச்சுக்கொண்டு இருந்ததுகள்."

"அப்ப பில்டிங்காரர்?"

சேர் அங்கேயே போனை எடுத்தார். "அண்ணை, அந்த முறைப்பாட்டை விடுங்கோ. ஓம்... கடை இருக்கட்டும். என்ர வகுப்புக்கு அது தேவை."

நானா பொத்தென்று கதிரையில் உட்கார்ந்தார். செல்வம் தகடுகளை எடுத்தார். டக்... டக்கடக்... தெரு திரும்பிப் பார்த்தது. வெளியே கண்டக்டரின் 'கம்பளை கம்பளை'கூட அந்தத் தாளத்தில் விழுந்தது. சந்தைப் பையோடு ஓர் அம்மா உள்ளே வந்தார், அவர் பின்னால் நால்வர். என் தோளும் ஆடியது — இந்த வயதில், பொது இடத்தில்.

நம் அலுவலகங்களில் உற்பத்தித்திறனைக் கூட்ட முதலில் என்ன செய்கிறார்கள்? பேச்சை நிறுத்துகிறார்கள். பாட்டை நிறுத்துகிறார்கள். வேலை தானாகவே நின்றுவிடுகிறது.

பாதிப் படி ஏறிய சேர் திரும்பினார்.

"செல்வம், வாற கிழமை உற்பத்திச் செலவுப் பாடம். அது சரியான பாரம். கொஞ்சம் கெதியா, பலமாத் தட்டுங்கோ."