பாஞ்சாலை அடுக்க, ஆதவன் கலைக்க

வேலைக்கு வந்ததும் பாஞ்சாலை முதலில் பார்ப்பது நோயாளியின் முதுகை. சிவந்திருக்கிறதா, தோல் சூடாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். படுக்கைப் புண் வராமல் காத்தவளை யாரும் பாராட்டமாட்டார்கள். வந்துவிட்டால் தெருவே பேசும். இது அவளுக்குத் தெரியும். அதில் வருத்தமும் கிடையாது.

அன்றைக்கு ஆதவனின் முதுகு நன்றாகவே இருந்தது. கட்டிலின் பக்கத்தில் இருந்த இரும்புத் தகடுதான் அலங்கோலமாகக் கிடந்தது.

"இன்னா சார் இது? மறுபடியும் கலச்சிட்டீங்களா?"

ஆதவன் இடது கையைத் தூக்கி, "தா, தா" என்றான். வாதம் அடித்ததிலிருந்து அந்த ஒரு சத்தம்தான் அவனிடம் மிச்சம். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான்.

"தாவும் இல்ல, போவும் இல்ல. நான் அடுக்கி வெக்கறதும் நீங்க கலைக்கறதும், நல்லாத்தான் இருக்கு பொழப்பு" என்று சொல்லிக்கொண்டே படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினாள்.

தகடு, பழைய பீரோ ஒன்றின் உள்தட்டு. அதன்மேல் பின்பக்கம் சின்னக் காந்தம் ஒட்டிய படங்கள்: தண்ணீர்ச் செம்பு, காபித் தம்ளர், மாத்திரை, இட்லி, மின்விசிறி, மூத்திரக் குடுவை, வலியில் முகம் சுளிக்கும் ஓர் ஆள், போர்வை. ஆதவன் விரலால் தொட்டுக் காட்டினால் அது அவனுக்கு வேண்டும் என்று அர்த்தம்.

இந்த வித்தையைப் பாஞ்சாலை எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவள், மாமியாரை நாலு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். அதைக் கண்ட ஊர் நர்ஸ் ஒருத்திதான் வேலூரில் நோயாளி பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தாள். படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை ரமணாசிரமம் பகுதியில். இடுப்பெலும்பு முறிந்து வாடகை அறையில் கிடந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவள் பாஷை தெரியாது. விளம்பரத் தாள்களிலிருந்து படங்களை வெட்டி அட்டையில் ஒட்டிக் காட்டினாள். முதல் நாளே வேலை சுலபமாயிற்று. அதிலிருந்து பேச்சு நின்ற நோயாளி எங்கே கிடைத்தாலும் பாஞ்சாலையின் படங்களும் கூடவே போகும்.

ஆதவனுக்கு நாற்பது முடியவில்லை. வெப்சைட் செய்கிறவன். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். இந்த ஊர் லாட்ஜுகளில் அறை பதிவு செய்கிற பக்கங்கள் பலவும் அவன் எழுதியவை. ஒரு நாள் காலை, பல் துலக்கப் போனவன் குழாயடியில் சாய்ந்தான். வலது கையும் காலும் சோர்ந்துபோயின. பேச்சும் எழுத்தும் போயின. மற்றவர் பேசுவது பெரும்பாலும் புரிகிறது என்று டாக்டர் சொன்னார். மடிக்கணினியைக் கொடுத்துப் பார்த்தபோது இடது கை விசைகளைத் தட்டியது. திரையில் வந்ததில் ஒரு சொல்லும் சொல்லாக இல்லை. அவன் அதை மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கணினி பீரோமேல் ஏறியது.

கட்டிலை மலை தெரிகிற ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். "மலையப் பாத்துக்கினு இருந்தாலே போதும்" என்று வந்து போகிறவர்கள் சொன்னார்கள். பாஞ்சாலைக்கு அப்படித் தோன்றவில்லை. மலை, வேலைக்குப் போகிறவன் போகிற வழியில் பார்ப்பது. நாள் முழுக்க அதையே பார் என்று ஒரு மனிதனிடம் சொன்னால் எப்படி?

அவன் மனைவி வினோதினி தனியார் பள்ளியில் டீச்சர். பள்ளி, சமையல், மருந்துக் கடை என்று ஓடினாள். சாப்பிடுவதுகூட அடுப்படியில் நின்றுகொண்டுதான். நல்லவள், களைத்துப்போனவள். கொஞ்ச நாளாக அவள் புருஷனிடம் பேசுகிற குரல் மாறியிருந்தது. "குட் பாய், இன்னொரு வாய் வாங்கிக்கோ" என்பாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் பேசுகிற குரல். அப்போதெல்லாம் ஆதவன் கண்ணை மூடிக்கொள்வதைப் பாஞ்சாலை பார்த்திருக்கிறாள்.

ஆனாலும் அந்தக் கலைக்கிற விஷயத்தை அவள் வினோதினியிடம் சொல்லத்தான் செய்தாள். நோயாளியிடம் கண்டதை வீட்டாரிடம் சொல்வது முறை.

"நேத்து வெச்ச எடத்துல இன்னிக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். ராவெல்லாம் தள்ளித் தள்ளி வெக்கறாரு. மூளை இன்னும் கொழப்பத்துலதான் இருக்குன்னு நெனைக்கறேன்."

வினோதினி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு போய், கம்பெனியில் ஆதவனோடு வேலை பார்த்த பிரசாத்துக்குப் போன் போட்டாள். "கம்பெனில ரொம்ப நாளா கேக்கறாங்கல்ல, லேப்டாப்ப வந்து எடுத்துக்கோங்க பிரசாத். இனிமே அவருக்கு அது எதுக்கு?"

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஆதவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்திருக்கும் என்று பாஞ்சாலைக்குத் தெரிந்தது. அந்தப் போனுக்குத் தன் வாய்தான் காரணம் என்றும் தெரிந்தது. அன்று மதியம் அவன் சாதத்தைத் தொடவில்லை.

பிரசாத் வந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. சென்னைப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேர்த்துக் கொட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"இன்னா பிரசாத், செருப்பு அறுந்துடுச்சா?" என்று கேட்டாள் வினோதினி.

"ஆமா அண்ணி. கிரிவலக் கூட்டத்தோடவே நடந்தேன். பாதி புண்ணியமாவது எனக்கு எழுதிடுங்க."

வினோதினி பல நாள் கழித்துச் சிரித்தாள். கணினிப் பையைத் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலிமேல் தயாராக வைத்திருந்தாள். அறையில் இருந்த ஒரே நாற்காலி அது. பிரசாத் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஆதவன் அவனைப் பார்த்தான், பையைப் பார்த்தான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அண்ணா, நான்தான். ஆஃபீஸ்ல எல்லாரும் உங்கள ரொம்பக் கேட்டாங்க" என்று பிரசாத் உரக்கச் சொன்னான்.

"அவருக்குக் காது நல்லாவே கேக்கும் தம்பி. கத்தாதீங்க" என்றாள் பாஞ்சாலை.

விருந்தாளி வந்த நேரத்தில் தகடு கண்டபடி கிடந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. குனிந்து அடுக்க ஆரம்பித்தாள். மின்விசிறிப் படத்தை எடுத்து, இடது மூலையில் வெற்றாகக் கிடந்த இடத்தில் வைத்தாள். ஆதவனின் இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடுங்க சார்."

அவன் விடவில்லை. அவள் கையை விலக்கிவிட்டு, மின்விசிறியை அந்த மூலையிலிருந்து தள்ளினான். பிறகு ஒவ்வொரு படமாக இரும்பின்மேல் இழுத்தான். குடுவையைத் தன் பக்கம். தண்ணீரை அதற்கு அருகில். வலிக்கிற முகத்தை எல்லாவற்றிலிருந்தும் பிரித்துத் தனியாக. இட்லி, காபி, மாத்திரை மூன்றையும் சேர்த்து மேலே. இடது மூலை மறுபடி காலியாயிற்று. அதன்பிறகுதான் கையை எடுத்தான்.

"பாத்தீங்களா, இதான் தெனமும்" என்றாள் பாஞ்சாலை.

பிரசாத் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். "அக்கா, தொடாதீங்க. அப்படியே உடுங்க. நேத்தும் இப்படியேதான் இருந்துச்சா?"

பாஞ்சாலை யோசித்தாள். யோசித்தால், இப்படியேதான். முந்தாநாளும் இப்படியேதான். கலைப்பவன் தினமும் ஒரே மாதிரியா கலைப்பான்?

"இது கலைக்கறது இல்லக்கா, டிசைன். அடிக்கடி வேணுங்கறது கைக்குக் கிட்ட இருக்கு. ஒரு வகைச் சாமானெல்லாம் ஒண்ணா இருக்கு. வலியத் தனியா வெச்சிருக்காரு, தெரியாம கை பட்டுடக் கூடாதுன்னு. நான் வேலைக்குச் சேந்தப்ப எனக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தாரு. திட்டித் திட்டி."

பாஞ்சாலை யார் சொன்னாலும் செய்துபார்க்காமல் நம்புகிறவள் இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையை நீட்டினாள். குடுவை விரலடியில் வந்தது. அவள் அடுக்கில் குடுவை இருந்தது வலது கோடியில். செத்த கையைத் தாண்டி எட்டினாலும் எட்டாது. வாதத்தில் வலது பக்கம் விழுந்துபோனவர்களுக்கு வலது ஓரத்தில் இருப்பது சில சமயம் கண்ணிலேயே படாது என்று வேலூரில் சொல்லிக்கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. தான் அடுக்கியது எந்த வரிசை? காபி, மாத்திரை, டிபன்: தன் வேலை வரிசை. அவனுடையது தேவை வரிசை. குடுவை எட்டாமல் அவன் நனைத்த துணிகளை மாற்றியபோதெல்லாம் தான் முணுமுணுத்ததும் நினைவுக்கு வந்தது.

"தப்பு என்மேலதான் சார்" என்றாள். அவளுக்கு அதற்குமேல் நீட்டத் தெரியாது. எழுந்து போர்வையைச் சரி செய்தாள்.

"அந்த மூலை ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்கோ எடம் உட்டு வெச்சிருக்காரு. அந்தப் படம் உங்ககிட்ட இல்ல போல."

பிரசாத் பையிலிருந்து கணினியை எடுத்தான். வழக்கமாக அவர்கள் வேலை செய்கிற திரையைத் திறந்தான். வரி வரியாக எழுத்து. ஆதவன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புறங்கையால் தள்ளினான். பிரசாத் தயங்கினான். தலையைச் சொறிந்தான்.

"அண்ணா, திட்டாதீங்க" என்று சொல்லி வேறொன்றைத் திறந்தான். பாஞ்சாலையிடம் திரும்பி, "இது எழுதாமலே பக்கம் கட்டறது அக்கா. பட்டன், படம், பெட்டி எல்லாம் ஓரத்துல இருக்கும். இழுத்துக் கொணாந்து போட வேண்டியதுதான். அண்ணனுக்கு இதக் கண்டாலே ஆவாது. கோல அச்சு மாதிரி, போடத் தெரியாதவங்களுக்குன்னு கிண்டல் பண்ணுவாரு" என்றான்.

"அச்சுல போட்டாலும் வாசல்ல இருக்கறது கோலம்தானே?"

ஆதவனின் வாய் இடது பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று பாஞ்சாலைக்குத் தெரியும்.

பிரசாத் தகட்டின் படங்களைப் போனில் எடுத்துக் கணினியில் ஏற்றினான். மவுஸை இடது கைக்கு மாற்றி வைத்தான். ஆதவன் ஒரு பெட்டியைப் பிடித்தான், நழுவியது. மறுபடி பிடித்தான். பெட்டி வெள்ளைத் திரைக்கு வந்து உட்கார்ந்தது. அதற்குள் குடுவை. அடுத்த பெட்டி, தண்ணீர். பெட்டியின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினான். தகட்டில் படத்தைப் பெரிதாக்க முடியாது என்பது பாஞ்சாலைக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வேலையின் விளைவை அங்கேயே கண்ணால் பார்த்துத் திருத்துகிறான். சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்குப் பெயர் கேட்டபோது மட்டும் தட்டியது உளறலாக வந்தது. பிரசாத் சத்தமில்லாமல் அதைத் திருத்தி எழுதினான்.

கடைசியில் அந்த இடது மூலை வந்தது. ஆதவன் அங்கே ஒரு பெட்டி வைத்தான். காபித் தம்ளரை அதில் போட்டான். பிறகு அதே தம்ளரை நகல் எடுத்து, பக்கத்தில் இன்னொன்றாக வைத்தான். கையை எடுத்துவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்து, "தா!" என்றான்.

பிரசாத்துக்குக் காபி எடுத்துக்கொண்டு வினோதினி வந்தாள். திரையைப் பார்த்து நின்றாள். "யாரு போட்டது இது?"

"அண்ணன்தான். நான் தொடல அண்ணி, பேரு எழுதினதோட சரி."

"ரெண்டு காபி கேக்கறாரு டீச்சர்" என்றாள் பாஞ்சாலை. "குடுக்காதீங்க, சக்கர ஜாஸ்தி ஆயிடும்."

"தா! தா!" ஆதவன் எரிச்சலோடு தலையை ஆட்டினான். முதல் தம்ளரைத் தொட்டு, தன் நெஞ்சில் விரலை வைத்தான். இரண்டாவது தம்ளரைத் தொட்டு, விரலை வினோதினி பக்கம் நீட்டினான். பிறகு கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினான்.

நாற்காலியில் வெறும் பை இருந்தது. வினோதினி அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உக்காந்து குடிக்கச் சொல்றியா?" என்று கேட்டாள். குரல் பழைய குரல். "நான் நின்னுக்கினே குடிக்கறது உனக்கு அவ்ளோ கண்ண உறுத்துதா?"

ஆதவன் தலையசைத்தான். பிரசாத் தனக்கு வந்த காபியை அவளையே குடிக்கச் சொல்லிவிட்டு, அறுந்த செருப்பைத் தைக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். பாஞ்சாலை ஆதவனுக்கு ஒரு தம்ளர் கலந்தாள். சர்க்கரை கம்மி.

கணினி பீரோமேல் ஏறவில்லை, சென்னைக்கும் போகவில்லை. பிரசாத் கம்பெனியில் பேசினான். அவர்கள் முகம் சுளித்துவிட்டு, சரி, பார்க்கலாம் என்றார்கள். இப்போது லாட்ஜ் பக்கங்களை ஆதவன் இழுத்துப் போட்டுக் கட்டுகிறான். யாருக்கு எது கைக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவன். அறை காலியா, பணம் வந்ததா என்று உள்ளே ஓடுகிற கணக்கை அந்தக் கருவியால் முழுசாகச் செய்ய முடியாது. அதைப் பிரசாத் எழுதுகிறான். பேச்சில் இன்னும் "தா"வோடு ஒன்றிரண்டு சொற்களே சேர்ந்திருக்கின்றன. அதில் ஒன்று "வினோ".

இரும்புத் தகடு இன்னும் இருக்கிறது. கரண்ட் போகும், சார்ஜ் இறங்கும். காந்தத்துக்கு அது எதுவும் கிடையாது. ஒரு நாள் காலை பாஞ்சாலை முதுகைப் பார்த்து முடித்துத் திரும்பியபோது, போர்வைப் படம் கீழே விழுந்து கிடந்தது. எடுத்தாள். கை தானாகப் பழைய வரிசைக்குப் போயிற்று. நிறுத்திக்கொண்டாள்.

"இது எங்க வெக்கட்டும் சார்?" என்று கேட்டுவிட்டு, படத்தை ஏந்தியபடி நின்றாள். அவன் விரல் மெல்ல எழுந்தது.