ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட்

அருமைநாயகம் வாட்சப் குழுவில் உத்தரவு போட்டுவிட்டான். குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் எண்பத்தெட்டாம் வருஷத்து பிளஸ் டூ செட் ஒன்றுகூட வேண்டும். வருகிற ஒவ்வொருத்தனும் 'பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான்' என்று ஒரு பக்கம் எழுதிவந்து வாசிக்க வேண்டும். எழுதாதவனுக்குப் பிரியாணி கிடையாது. தென்காசியில் இரும்புக்கடை வைத்திருக்கிறவனுக்கு இத்தனை அதிகாரமா என்று எல்லோரும் ஏசினார்கள். ஏசிக்கொண்டே எழுதவும் செய்தார்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார் இசக்கிமணி மூன்று நாளாக எழுதினார். முக்கால் பக்கம் தடையில்லாமல் ஓடியது. பரீட்சை முடிந்த கையோடு வீரகேரளம்புதூரிலிருந்து பஸ் ஏறி ஆளெடுப்புக்குப் போனது, மார்பளவு பற்றாமல் மூச்சை இழுத்துப் பிடித்து நின்று தேறியது, வெலிங்டன் பயிற்சி முகாமின் குளிரில் போர்வைக்குள் அழுதது, அஸ்ஸாம், பட்டியாலா, குப்வாரா என்று இருபத்தெட்டு வருஷம் நின்றது. சிப்பாயாகப் போனவர் சுபேதாராக வந்தார். மிச்சக் கால் பக்கத்தில் பெண்டாட்டி வரவேண்டும். பேனா அங்கே போய் நின்றுகொண்டது.

குழல்வாய்மொழி என்று பேர். கல்யாணமான புதிதில், ஊரிலிருந்து வந்த லெட்டரில் அம்மாவுக்குச் சீக்கு என்று படித்துவிட்டு அதே நினைப்பில் ரோந்து போன நண்பன் ஒருவன், கால் வைக்கக்கூடாத இடத்தில் கால் வைத்துவிட்டான். அவனைப் பொறுக்கி எடுத்தவர்களில் இசக்கிமணியும் ஒருத்தர். அடுத்த லீவில் வந்தவர் பெண்டாட்டியிடம் கண்டிஷனாகச் சொன்னார்.

"நான் அங்கன நிக்கையில வீட்டுச் சங்கடம் ஒண்ணும் எங் காதுக்கு வரக்கூடாது. எதுன்னாலும் லீவுல வந்த பெறவு சொல்லு."

பாரா நிற்கிற சிப்பாய், அதிகாரி சுற்றி வரும்போது விறைத்து நின்று 'சப் டீக்' என்று ரிப்போர்ட் கொடுப்பான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு ஒரே சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் ஹலோ கிடையாது, "சப் டீக் சார்!" தான். மோட்டார் எரிந்தபோதும் சப் டீக், மாமியார் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோதும் சப் டீக். லீவில் வந்து இறங்கினால்தான் மூட்டை அவிழும். பட்டாளத்தான் பெண்டாட்டி என்றால் இப்படி இருக்கணும் என்று யூனிட் முழுக்கப் பெருமையடித்தார் அந்த மடையர்.

அவர் எப்போதும் ஆனியில், குற்றாலச் சீசனுக்குத்தான் வருவார். ஒரு வருஷம் சித்திரையில் அவளுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டது. இன்னும் ரெண்டே மாசம், வரட்டும், நேரிலேயே சொல்லிக்கலாம் என்று இருந்தாள். பிளஸ் டூ போகவிருந்த மகள் ஸ்வாதிக்கு மட்டும் தெரியும். அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்த ஆனியில் யூனிட்டில் கூட இருந்த ஒருவனின் தங்கச்சிக்குக் கல்யாணம். இசக்கிமணி தன் லீவை அவனுக்கு விட்டுக்கொடுத்தார்.

"ஐப்பசியில வாரேன்" என்றார் போனில்.

"சரிங்க. சப் டீக்" என்றாள். சார் போடவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஐப்பசியில் வந்து, விஷயம் தெரிந்து, திருவனந்தபுரத்துக்குக் கொண்டு ஓடினார். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, நாலஞ்சு மாசம் முந்தியே வந்திருக்கணும் என்றார். தை பிறந்து பத்தாம் நாள் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தல் பிரிக்கிற அன்று, மகளைக் கூப்பிட்டு அவர் கேட்டார்: "ஒனக்குத் தெரியும்லாட்டி? ஒரு போன் போட்டிருந்தா ஒங்கம்மா இருந்திருப்பால்லா?"

"நீங்கதானப்பா சொல்லக்கூடாதுன்னு..." என்று ஆரம்பித்த பிள்ளை, முடிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? பத்து வருஷமாயிற்று. ஸ்வாதி கல்யாணமாகி கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஞாயிறு தோறும் காலையில் போன் வரும். "நல்லா இருக்கேம்ப்பா. மாத்திரை போட்டீங்களா?" ரெண்டு நிமிஷம்தான். ஒரு சண்டை போடமாட்டாளா என்று அவர் ஏங்கிப்போனார்.

குற்றாலத்தில் லாட்ஜ் ஹாலில் கூட்டம். வெளியே சாரல். அன்றைக்கும் ஞாயிறுதான், மகளின் போன் மட்டும் வரவில்லை. இசக்கிமணி எழுந்து முக்கால் பக்கத்தை வாசித்தார். மூச்சுப் பிடித்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"மிச்சத்தை எழுத வரல. வாயால சொல்லுதேன். எம் பொண்டாட்டி சீக்கால சாவல. நான் போட்ட சட்டத்தால செத்தா. பழியை எம் பிள்ளை தலையில வச்சேன்."

நடந்ததை முழுசாகச் சொன்னார். அருமைநாயகம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தம் போட்டான்: "இதை எங்ககிட்ட ஏம்லே சொல்லுத? அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுலே!"

இசக்கிமணி வராண்டாவுக்கு வந்தார். மகள் நம்பரைப் போட்டார். மகள் எடுத்ததும் மூச்சுவிடாமல் பேசினார்.

"ஏட்டி, அப்பா பேசுதேன். அன்னைக்கு ஒன்னைச் சொன்னது பெரிய தப்பு. ஒம்மேல ஒரு குத்தமும் கிடையாது. எல்லாம் நான் செஞ்ச வினை. இனிமே அந்தச் சட்டம் கிடையாது. எதுன்னாலும் எங்கிட்ட சொல்லணும், கேட்டியா?"

விசும்பல் கேட்டது. "சரிப்பா" என்றாள்.

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. அப்போது போனில் இன்னொரு பெண் குரல் கேட்டது.

"பத்தாம் பெட்டு ஸ்வாதி நீங்கதானுங்களே? ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஊசி, கையை நீட்டுங்க."

"ஏட்டி! எங்கன இருக்க?"

"வீட்டுலதாம்ப்பா. டிவி ஓடுது" என்றாள் ஸ்வாதி. "இங்கன எல்லாம் சப் டீக்."