கதவருகே நிற்கும் எலியேசெர்

லெய்டி ஸ்பெயினுக்குக் கிளம்பியது புனித வாரம் முடிந்த திங்கட்கிழமை. துயித்தாமா பேருந்து நிலையத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பேருந்தில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தவள், அப்பா எலியேசெரின் கம்பளிப் போர்வையைக் கழுத்துப் பக்கம் இழுத்துச் சரிசெய்தாள்.

"அம்மா குளிக்க மாட்டேன்னா மல்லுக்கட்டாதீங்க. பாட்டைப் போட்டுவிடுங்க, தானா வருவா. அப்புறம் ரொட்டியைக் கண்ணுல படற மாதிரி வைக்காதீங்க."

"எல்லாம் தெரியும், போ."

"என்ன தெரியும்? நீங்க வீட்டுக் கட்டில்ல தூங்கினதைவிட லாரியில தூங்கினதுதான் அதிகம்."

அது உண்மைதான். கண்பார்வை மங்கி லாரியை விற்கும்வரை எலியேசெர் பசிபிக் கரைத் துறைமுகத்துக்கும் வடக்குக் கடற்கரைக்கும் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டே இருந்தவர். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார், வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவார், தூங்கி எழுந்து போய்விடுவார். அவர் ஒரேயடியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனைவி ஒத்திலியாவுக்கு ஞாபகம் கழன்றுவிட்டிருந்தது. அவளை அதுவரை பார்த்துக்கொண்டவள் லெய்டிதான். இப்போது அவள் வலென்சியாவில் வேறு யாருடைய அம்மாவையோ குளிப்பாட்டச் சம்பளத்துக்குப் போகிறாள். அதைப் பற்றி அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. பேருந்து நகர்ந்தது. எலியேசெருக்கு முதலில் தோன்றியது, ஓட்டுநர் கிளட்சைச் சரியாக மிதிக்கவில்லை என்பதுதான்.

வீட்டில் ஒத்திலியா அமைதியாகத்தான் இருந்தாள். ஜன்னலருகே உட்கார்ந்து, மடியில் கை வைத்துக்கொண்டு, அவ்வப்போது அவரைப் பார்த்து மரியாதையாகக் கேட்பாள். "எங்க வீட்டுக்காரர் லாரியில போயிருக்கார். எப்ப வருவார்னு தெரியுமா?"

"வந்தா சொல்றேன்."

அமைதியில்லாமல் அலைந்தவர் அவர்தான். அடுப்படியிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து அடுப்படிக்கும் நடந்தார். தெருவில் ஏதாவது லாரி கியர் மாற்றினால் அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. இரண்டாவது வாரத்திலேயே அவருடைய கைப்பேசி துணி ஊறவைக்கும் தொட்டிக்குள் போய்விட்டது. அழுக்காக இருந்தது என்று ஒத்திலியா துவைத்திருந்தாள். அதன்பிறகு அவளுடைய கைப்பேசியைத்தான் எடுத்துக்கொண்டார். அதில் அவள் பெயரும், ஒரு நீலப் பூவின் படமும் இருந்தன.

அந்தக் கைப்பேசியில்தான் தேடத் தொடங்கினார். மறதி நோய், மனைவி, உடை மாற்ற விடுவதில்லை, என்ன செய்வது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான குழுக்கள் ஊருக்கு ஊர் இருந்தன. ஒன்றில் நாள் முழுவதும் யாரோ தேன் கலந்த மாத்திரை விற்றார்கள். இன்னொன்றில் செபமாலைப் படங்கள் மட்டுமே வந்தன. ஒன்றைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் நோய் கூடும் என்று எழுதியிருந்தது. மூன்றாவதில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர், நோயாளியைக் காலையில் பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு நீங்கள் நீந்தப் போங்கள் என்றார். எலியேசெர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு நாய் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

அந்த மருத்துவருக்குக் கீழே ஒரு பெண் கோபமாக எழுதியிருந்தாள்: "டாக்டர், நீந்த வேண்டாம், சட்டையைக் கழட்டினா எங்கம்மா அடிக்கறா, அதுக்கு வழி சொல்லுங்க." அதற்குப் பதிலாக அம்பாரோ என்பவள், "இங்க வா தங்கச்சி, நாங்க சொல்றோம்" என்று ஓர் இணைப்பைக் கொடுத்திருந்தாள். எலியேசெரின் முன்கையில் அன்று காலை ஒத்திலியா கிள்ளிய தடம் இன்னும் சிவந்திருந்தது. அவருக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. இணைப்பை அழுத்தினார்.

குழுவின் பெயர் 'வீட்டில் நின்றுவிட்டவர்கள்'. பெண்களுக்கு மட்டும் என்று மேலேயே எழுதியிருந்தது. அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் அம்பாரோவின் குரல் பதிவு வந்துவிட்டது. "வாங்க ஒத்திலியா அக்கா. நீங்க யாரைப் பாத்துக்கறீங்க?"

எலியேசெர் ஒற்றை விரலால் தட்டினார்: "கணவரை."

"பேரு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "எலியேசெர்" என்று எழுதினார்.

கழுத்து வழியாகக் கழற்றும் உடையே வேண்டாம், முன்னால் பொத்தான் வைத்ததைப் போடு என்று பதில் வந்தது. மறுநாள் கிள்ளு விழவில்லை. பதில் கிடைத்ததும் வெளியேறிவிடுவதாகத்தான் நினைத்திருந்தார். வெளியேறவில்லை.

குழுவில் எல்லாரும் குரலில்தான் பேசினார்கள். கை ஈரமாக இருக்கும், அல்லது யாரையாவது பிடித்துக்கொண்டிருக்கும், தட்டுவதற்கு யாருக்கு நேரம்? ஒத்திலியா அக்கா மட்டும் ஏன் பேசுவதில்லை என்று கேட்டபோது, "அவர் தூங்கறார், சத்தம் ஆகாது" என்று எழுதினார். "அப்பப்பா, என்ன தூக்கம் தூங்கறார் உங்க வீட்டுக்காரர்" என்றாள் யாதிரா. கடற்கரைப் பக்கம் லோரிக்காவில் இருப்பவள், அப்பாவைப் பார்த்துக்கொள்பவள். அவள் வாய் திறந்தால் பின்னால் மின்விசிறியும் சேவலும் சேர்ந்து கேட்கும்.

ஒத்திலியா செய்ததையெல்லாம் அவர் தன் பெயரில் எழுதினார். எலியேசெர் இன்று ரொட்டியை ஷூவுக்குள் வைத்தார். எலியேசெர் கண்ணாடியைப் பார்த்து வணக்கம் சொன்னார். யாதிரா உடனே சொல்வாள்: "எங்கப்பா பல்செட்டை அரிசி டப்பாவுல போட்டுட்டார் அக்கா. ரெண்டு நாளா அவர் பல்லில்லாம சாப்பிட்டார், நாங்க பல்லோட சாப்பிட்டோம்." இன்னொருத்தி, சில நாள் காலையில் அம்மா எழுந்திருக்காமலே இருந்தால் தேவலை என்று தோன்றுவதாகச் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும் "நானும்" என்றாள். லாரிக்காரர்கள் சாப்பிடும் எந்தக் கடையிலும் எந்த ஆணும் இப்படிப் பேசி எலியேசெர் கேட்டதில்லை. "எலியேசெர் எப்படியிருக்கார்?" என்று அவர்கள் தினமும் விசாரித்தார்கள். தன்னைப் பற்றி இத்தனை பேர் விசாரிப்பது அவருக்குப் பழக்கமில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்ப்பார்.

ஒருநாள் கிரிசாந்தோ தன் லாரியைத் தெருவடைக்க நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பழைய கூட்டாளி.

"டேய் கிழவா, துறைமுக லைன் எனக்கு நிரந்தரமாக் கிடைச்சிருக்கு. வாராவாரம். ராத்திரி எனக்குத் தூக்கம் வருது, பேச ஆள் வேணும். உன் கண்ணு வேண்டாம், வாய் போதும். புதன்கிழமை மத்தியானம் கிளம்பறேன்."

"இவளை?"

"சோகமோசோவுல கன்னியாஸ்திரிங்க இருக்காங்க. உன் மக அனுப்பற பணத்துல பாத்துப்பாங்க." கிரிசாந்தோ குரலைத் தாழ்த்தினான். "உன்னை யாருன்னே அவளுக்குத் தெரியலையே மச்சான். நீ இருந்தா என்ன, போனா என்ன?"

ஒத்திலியா அவனுக்குச் சூடான வெல்லத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "எங்க வீட்டுக்காரரை வழியில பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அன்று எலியேசெர் குழுவில் எழுதினார்: "எலியேசெர் நாளெல்லாம் கதவுகிட்டயே நிக்கறார். போகணும், போகணும்ங்கறார்." அனுப்பிய பிறகுதான், இந்த ஒரு தடவை பெயரை மாற்ற வேண்டிய வேலையே இருக்கவில்லை என்பது உறைத்தது.

யோசனைகள் குவிந்தன. பூட்டாதீங்க அக்கா, பூட்டினா வெறி ஏறும். எங்க போறேன்னு கேக்காதீங்க, நானும் வரேன்னு கூடவே நடங்க. யாதிரா சொன்னாள்: "எங்கப்பா கையில ஏதாவது குடுத்து, இதை இன்னாருக்குக் குடுத்துட்டு வாங்கன்னு அனுப்புவேன். வேலை இருந்தா மனுஷன் திரும்பிடறார்." கடைசியில் அம்பாரோ பேசினாள். "நீங்க களைச்சுட்டீங்க அக்கா. நான் பைப்பாவுலதான் இருக்கேன், பக்கம்தான். புதன்கிழமை எங்கம்மாவைத் தங்கச்சி பாத்துப்பா. நான் வந்து எலியேசெர்கூட உக்காந்துக்கறேன், நீங்க வெளிய போயிட்டு வாங்க. விலாசம் அனுப்புங்க."

"வேண்டாம், சிரமம்" என்று எழுதினார்.

"வேண்டாம்னு சொல்றவங்க வீட்டுக்குத்தான் நான் மொதல்ல போவேன்."

புதன்கிழமை. கிரிசாந்தோ கிளம்பும் நாள். எலியேசெர் விலாசத்தை அனுப்பினார்.

புதன்கிழமையன்று அம்பாரோ நனைந்துகொண்டே வந்தாள், கையில் ஒரு பை நிறையப் பாலாடைக்கட்டி ரொட்டி. கதவைத் திறந்தது ஒத்திலியா. உபசரிப்பில் அவளுக்கு எந்த மறதியும் கிடையாது.

"ஒத்திலியா அக்காதானே?"

"ஆமா மகளே. உள்ள வா. இப்படியா நனைவே?"

இருவரும் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால், கதவை ஒட்டி, கம்பளிப் போர்வையும் கையில் பையுமாக எலியேசெர் நின்றுகொண்டிருந்தார். அம்பாரோ அவரைப் பார்த்தாள். முகம் கனிந்தது. காது கேளாதவரிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எலியேசெர் ஐயா, எங்க கிளம்பிட்டீங்க? போகலாம், போகலாம். நானும் வரேன். அதுக்கு முன்னாடி சித்த உக்காருவோமா?"

பையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி ஓரமாக வைத்தாள். தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். ஒரு ரொட்டியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். நான் நோயாளி இல்லை என்று சொல்ல எலியேசெர் வாயைத் திறந்தார். ஆனால் உட்காரச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டு ரொட்டியைக் கடித்தார்.

"இவர் யாருன்னே தெரியலை மகளே" என்றாள் ஒத்திலியா. "காலைலேர்ந்து இங்கதான் இருக்கார். பாவம், போகவும் மாட்டேங்கறார்."

அம்பாரோ சிரித்தாள். "எங்கம்மாவைப் பாத்தா எனக்கும் சில நாள் அப்படித்தான் அக்கா தோணும்."

ஒத்திலியா குனிந்து விருந்தாளியின் நனைந்த ஷூக்களைக் கழற்றினாள். வேண்டாம் வேண்டாம் என்று அம்பாரோ கூச்சப்பட்டாள். அவற்றை அடுப்பருகே கொண்டுபோய் வைத்த ஒத்திலியா, விருந்தாளி கொண்டுவந்த பையிலிருந்த ரொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முட்டையை அடுக்குகிற கவனத்தோடு ஷூக்களுக்குள் வைக்கத் தொடங்கினாள்.

அம்பாரோவின் சிரிப்பு நின்றது. ஷூக்களைப் பார்த்தாள். ஒத்திலியாவைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் எலியேசெரைப் பார்த்தாள்.

"எழுதினது நீங்களா?"

"ஆமா."

"எனக்குத் தீட்டு நின்னதுலேர்ந்து என் புருஷன் ஓடிப்போனது வரைக்கும் உங்களுக்குத் தெரியும்."

"படிச்சேன். மறந்துடறேன்."

"மறக்கறதுக்கு இந்த வீட்டுல ஒரு ஆள் போதும்."

அவள் எழுந்தாள். வெறுங்காலோடு அடுப்படிவரை போய்த் திரும்பி வந்தாள். "பஸ்ஸுக்குச் செலவழிச்சு வந்தாச்சு. போயிட்டு சாயங்காலம் வாங்க." பையை எடுத்து நீட்டியவள் அதன் கனத்தை உணர்ந்தாள். "இதுல என்ன?"

"சட்டை."

"சாயங்காலம் வர்றவருக்கு எதுக்கு மாத்துச்சட்டை?"

எலியேசெர் பையின் காதைப் பற்றினார். அம்பாரோ பையைப் பிடித்த பிடியை உடனே விடவில்லை. பிறகு விட்டாள். "நீங்க வராட்டி அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

லாரி ஊரைத் தாண்டியதும் அவருக்கு மூச்சு சீரானது. உடம்பின் ஒவ்வொரு எலும்பும் அந்தக் குலுங்கலை அடையாளம் கண்டுகொண்டது. கிரிசாந்தோ ஓயாமல் பேசினான். பைப்பா போயிற்று. நனைந்த யூகலிப்டஸ் மரங்கள் போயின. துறைமுகத்தில் வறுத்த மீன் தின்பதைப் பற்றி இருவரும் பேசிச் சிரித்தார்கள். துத்தா சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. எலியேசெர் கதவைத் திறந்து கீழே இறங்கினார்.

"ஒண்ணுக்கா? தாண்டினப்புறம் போயேன்."

"நான் வரலை."

"என்னடா வரலை? பை மேல இருக்கே."

"அது வரட்டும்."

பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின. கிரிசாந்தோ கெட்ட வார்த்தை சொன்னபடியே லாரியை நகர்த்தினான். எலியேசெர் சாலையைக் குறுக்காகக் கடந்து மழையில் கைகாட்டிக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து ஓர் உருளைக்கிழங்கு வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டான்.

வீட்டை அடைந்தபோது விளக்கு வைத்தாயிற்று. ஒத்திலியா அம்பாரோவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்பாரோவின் கண்கள் சிவந்திருந்தன.

"இவர் மறுபடி வந்துட்டார்" என்றாள் ஒத்திலியா.

அம்பாரோ எழுந்துகொண்டாள். ஷூவுக்குள்ளிருந்த ரொட்டியை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று சொன்னாள்: "குழுவுல இருக்கறவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. எழுதாதீங்க, உங்க சொந்தக் குரல்ல சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லுவேன்."

மறுநாள் காலை எலியேசெர் கைப்பேசியை வாயருகே வைத்துப் பேசினார். தன் பெயரைச் சொன்னார். பொய்யைச் சொன்னார். கதவருகே நின்றது யார் என்பதையும், லாரியில் ஏறியதையும், சுங்கச்சாவடியில் இறங்கியதையும் சொன்னார். ஏன் இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை என்றார். பதில்கள் எல்லாம் ஒன்றாக வந்தன. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் யாதிரா. "எங்கப்பாவோட நாத்தத்துலேர்ந்து என் அழுகை வரைக்கும் ஒரு ஆம்பளை உக்காந்து கேட்டிருக்கான். தள்ளுங்க அவனை வெளிய." மதியத்துக்குள் தள்ளிவிட்டார்கள்.

அவர் கால்கள் அடங்கியதாகச் சொல்ல முடியாது. மத்தியானமானால் வாசலுக்கு வந்துவிடுவார். கையில் எதையாவது எடுத்துக்கொள்வார், பால் பாத்திரமோ, யாருக்காவது திருப்பித் தரவேண்டிய குடையோ. "நானும் வரேன்" என்று ஒத்திலியா போர்வையைப் போர்த்திக்கொள்வாள். இருவரும் பெரிய சாலைவரை நடந்து, போகிற லாரிகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். சில நாள் அவர் பாதி வழியிலேயே வேகமெடுத்துவிடுவார். பிறகு நின்று, அவள் வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். அம்பாரோ வரவில்லை. கிரிசாந்தோ அந்தப் பையை யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தான்.

மறு வருடம் மழை தொடங்கியிருந்தது. பெயரில்லாத ஓர் எண்ணிலிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் நிறைய இரைச்சல், யாரோ ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, நான் யாதிரா பேசறேன், லோரிக்கா. உங்களை வெளிய தள்ளச் சொன்னவதான். நம்பர் அம்பாரோ அக்கா குடுத்தாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். மருந்து வாங்கிட்டு வரேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு, அப்பாவை அங்க உக்காரவெச்சுட்டு வந்துட்டேன். மெதெயின் பட்டணத்துக்கு டிக்கெட் எடுத்துட்டேன். அன்னிக்கு ஏன் இறங்கினேன்னு தெரியலைன்னு சொன்னீங்களே, அது பொய்தானே? உங்களுக்குத் தெரியும்தானே? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க ஐயா. டிரைவர் ஏறிட்டான்."