பதினொரு ஓட்டை

எங்கள் வீட்டில் மீன் யார் கழுவுவது என்பதை இருபது வருடங்களாகத் துப்பாக்கிதான் தீர்மானித்தது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் கணவரை ஒரு மாதிரிப் பாவமாகப் பார்ப்பார்கள். ஏனென்றால் கழுவியது எப்போதும் அவர்தான்.

ஷார்ஜாவில் முவைலாவில் இருந்தோம். எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவர் ஒரு கம்பெனியில் ஏசி டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. மீன் இல்லாமல் சோறு இறங்காது, ஆனால் மீன் கழுவ இரண்டு பேருக்குமே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் நடந்த சண்டையில் பாதி, அந்தச் சாளை மீனின் செதிலை யார் எடுப்பது என்பதுதான்.

அப்படி இருக்கும்போது அவருடைய கம்பெனியில் ஃபேமிலி டே என்று ஒரு துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நகரத்தைத் தாண்டி மணல்வெளி நடுவே இருந்தது. வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்தால் வாடகைக்கு ரைபிள் தருவார்கள். பாயில் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையைச் சுட வேண்டும். அவர் ஏதோ பிறந்ததிலிருந்தே துப்பாக்கியோடு படுத்து எழுந்தவர் போல எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். அவருக்கு இருந்த அனுபவம் கோயில் திருவிழாவில் பலூன் சுட்டது.

“ஏட்டி, தோள்ல நல்லா முட்டுக் குடு. பயந்து கண்ண மூடிராத கேட்டியா” என்றார்.

“நீங்க கொஞ்சம் வாய மூடுங்க” என்றேன்.

நான் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மார்ச் பாஸ்ட் போய் பூரி கிழங்கு சாப்பிட்டு வந்தவள் என்று நினைத்துக்கொண்டார் போல. படுத்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். விசையை இழுக்கக் கூடாது, அது தானாக விழுகிற வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை எதையும் மறந்திருக்கவில்லை. அட்டையை எடுத்து வந்தபோது என் ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு சோடா மூடியால் மறைத்துவிடலாம். அவருடைய அட்டையில் ஓட்டையே இல்லை. “காத்து” என்றார். அன்றைக்கு ஒரு இலை அசையவில்லை. அசைய அங்கே மரமும் கிடையாது.

அன்று வரும் வழியில்தான் அந்த ஒப்பந்தம் உண்டானது. மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போவது, ஆளுக்குப் பத்துச் சுடுவது, தோற்றவர் அந்த மாதம் முழுக்க மீன் கழுவுவது. ரோஷத்தில் ஒத்துக்கொண்டார். மனிதர் அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தப்பவில்லை. நானும் ஒரு மாதம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. என்னத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? டூட்டி முடிந்து வந்து சாளையோடு மல்லுக்கட்ட எனக்கு என்ன வேண்டுதலா?

இப்போது ஊரில் உட்கார்ந்து நினைத்தால் அந்தக் காலைகள்தான் முதலில் வருகின்றன. குளிர்காலத்து வெயில் இதமாக இருக்கும். கந்தூரா என்ற நீள அங்கி போட்ட அரபிகள் சொந்த ரைபிளைப் பெட்டியோடு கொண்டுவருவார்கள். அபாயாவைச் சரிசெய்துகொண்டு அரபிப் பெண்கள் பக்கத்துப் பாயில் படுப்பார்கள். என் அட்டையைப் பார்த்துவிட்டு, “மாஷா அல்லாஹ், சிஸ்டர்” என்பார்கள். சுட்டு முடிந்த மருந்து வாசனையும் கேன்டீனில் கொதிக்கும் கரக் டீயின் ஏலக்காய் வாசனையும் கலந்து வரும். அந்த வாசனைக்காகவே இன்னொரு தடவை விசா எடுக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது.

ஊரில் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளில் பார்த்திருப்போம், பேங்க் வாட்ச்மேன் மடியில் பார்த்திருப்போம். லைசென்ஸ் வைத்திருக்கிற ஒன்றிரண்டு பெரிய வீட்டுக்காரர்களும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவார்கள். ஷார்ஜாவிலும் எங்களைப் போன்றவர்கள் வாடகைக்குச் சுடலாம், அவ்வளவுதான். சுட்டு முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. வளைகுடாவில் வீடு வாடகை, இருப்பு விசா, துப்பாக்கி மட்டும் சொந்தமாக இருந்து என்ன ஆகப்போகிறது! அவருக்குத்தான் ஆசை. வேட்டைச் சாமான் கண்காட்சி வந்தால் எந்தக் கம்பெனி என்ன புது மாடல் இறக்கியிருக்கிறது என்று போனில் தேடித் தேடிப் படிப்பார். அதன் ஒரு திருகாணியைக்கூட வாங்க முடியாது. ஆனாலும் டீ குடிக்கும்போது ரேஞ்ச் பாயோடு அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். ரேஞ்ச் பாய் என்பது ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் பாகிஸ்தான்காரர். எங்களுக்குள் இருந்த பந்தயம் அவருக்குத் தெரியும். “சாப், ஆஜ் பி மச்லி?” என்று கேட்டுச் சிரிப்பார். இன்றைக்கும் மீன்தானா என்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு வேலை முடிந்தது. அறுபது ஆகிவிட்டது, கம்பெனி விசாவைக் கேன்சல் அடித்துவிட்டது. அதே சமயத்தில் எனக்கு வார்டு இன்-சார்ஜ் பொறுப்பு தருவதாகச் சொன்னார்கள். எத்தனை வருடம் காத்திருந்தது! என் விசாவில் அவர் இருக்கலாம் என்றேன். “உனக்க விசால இருந்து சோறு தின்னுகிட்டு டிவி பாக்கதுக்கா?” என்று ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். ஊருக்குப் போகலாம் என்றார்.

“ஊர்ல போய் நான் என்ன செய்ய? இங்க நாலு பேரு சிஸ்டர்னு கூப்பிடுதாங்க. அங்க போனா ‘சமைச்சாச்சா’ன்னு கேக்கதுக்குத்தான் ஆளு இருக்கு.”

“அப்பம் நீ இரி. நான் போறேன்.”

“போங்க. யாரு புடிச்சு வச்சா?”

இது ஒரு நாள் சண்டை இல்லை. வாரக்கணக்கில் ஓடியது. பேச்சு நின்றால் பாத்திரங்கள் பேசின. அந்த நாட்களில் மீன்குழம்பு வேறு கேவலமாக இருந்தது. வாயில் வைத்தால் செதில் செதிலாக வரும். “மனசு இங்க இருந்தாத்தான செதிலு போவும், பாதி ஊருக்குப் போயாச்சு” என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். அவர் தட்டின் ஓரத்தில் செதிலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “கடைசியா ஒருக்கா ரேஞ்சுக்குப் போவோம். நீ ஜெயிச்சா இங்க இரி. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். நான் ஜெயிச்சா ரெண்டு பேருமா போவோம்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இருபது வருடமாக ஒரு தடவைகூட ஜெயிக்காத மனுஷன்! தோற்பதற்கென்றே யாராவது பந்தயம் கட்டுவார்களா? பழியை என் தலையில் போடாமல், தானும் விட்டுக்கொடுத்ததாகக் காட்டாமல், நைசாக என்னை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வலித்தது. வலித்தால் எனக்குக் கோபம்தான் வரும். “வாங்க, பாப்போம்” என்றேன்.

அவர்தான் கார் ஓட்டினார். எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஐம்பது மீட்டரில் அட்டையின் நடுவைச் சுடத் தெரிந்தவளுக்கு, இரண்டு காருக்கு நடுவில் ஒரு காரை நிறுத்தத் தெரியாது என்று ஒவ்வொரு டெஸ்டிலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழி முழுக்க அவர் மிக மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தோம். எதிரே எண் பலகைகளுக்குக் கீழே எங்கள் அட்டைகள். நான் ஒன்பது சுட்டேன், எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் இருக்கும் என்று தெரியும். பத்தாவதில் அவர் பெருமூச்சு விடுகிற சத்தம் காதுகாப்பையும் தாண்டிக் கேட்டது. விரல் சற்று அவசரப்பட்டுவிட்டது. வலப்பக்கம் கீழே போயிருக்கும் என்று அப்போதே புரிந்தது. ஒழுங்காகச் சுடப் பழகியவர்களுக்கு, அட்டையைப் பார்க்காமலே குண்டு எங்கே போனது என்று தெரிந்துவிடும். நான் முடித்து வெகுநேரம் கழித்து அவர் முடித்தார். துப்பாக்கி எல்லாம் காலியா என்று ரேஞ்ச் பாய் ஒவ்வொன்றாகப் பார்த்து, முடிந்தது என்பதற்கு “கலாஸ்” என்றதும் மூவரும் நடந்து போனோம்.

அவருடைய அட்டையில் ஒன்பது ஓட்டை. திசைக்கு ஒன்றாகக் கிடந்தன. என் அட்டையில் பதினொன்று.

ரேஞ்ச் பாய் ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். என் ஒன்பதும் சேர்ந்து இருந்தன. வலப்பக்கம் கீழே அந்தப் பத்தாவது இருந்தது. அட்டையின் நட்டநடுவில், பொட்டு வைத்தது போல இன்னொன்று இருந்தது. நான் சுட்டது இல்லை அது.

அடுத்தவர் அட்டையில் சுட்டுவிடுவது புதிதாக வருகிறவர்கள் செய்கிற காரியம். “ரூல் ஹை, மேடம்” என்றார் ரேஞ்ச் பாய், தர்மசங்கடமாக. என் அட்டையில் இருப்பதில் நல்லதாகப் பத்தை எனக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அவருக்கு ஒன்று போனது போனதுதான். ஆக, அவருடைய நடுக்குண்டும் எனக்கு!

“அது அவருக்குள்ளது பாய், அவருக்குக் குடுங்க” என்று தமிழிலேயே கத்தினேன்.

“விடுட்டி. எப்படிப் பாத்தாலும் நீதான் ஜெயிச்ச” என்றார் அவர்.

எனக்கு ஜெயித்தது தோற்றது எல்லாம் மறந்துவிட்டது. இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அட்டை மாறாத மனுஷன். அவரைச் சுட்ட இடத்துக்குத் திரும்பக் கூட்டிவந்து நிறுத்தி, குறி பார்க்கிற வலது கண்ணை விட்டுவிட்டு, இடது கண்ணை என் கையால் மூடினேன்.

“கடைசிப் பலகைல என்ன நம்பர்னு சொல்லுங்க.”

அவர் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

“சொல்லுங்க!”

“பலகை எங்க இருக்கு?” என்றார்.

குழம்பில் வந்த செதில் ஒவ்வொன்றும் அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது. “அப்பம் எத வச்சுச் சுட்டிய?” என்றேன்.

“கறுப்பா என்னமோ தெரிஞ்சுது. அதப் பாத்துச் சுட்டேன்.”

“காரு? காரு ஓட்டிட்டு வந்தியளே, பாவி மனுஷா!”

“அந்த ரோடு எனக்கு மனப்பாடம்லா.”

நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் திட்டினேன். கண்ணைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சொன்னா நீ வேலைய விட்டுட்டு எனக்க பின்னால வருவ. பாவம் பாத்து வந்தது மாதிரி ஆவும். ஜெயிச்சுக் கூட்டிட்டுப் போணும்னு நெனச்சேன். இத்தன வருசத்துல ஒரு தடவையாவது ஜெயிக்க மாட்டேனா?”

தோற்பதற்காகப் பந்தயம் கட்டியிருக்கிறார் என்று நான் நினைத்தேனே! பாதிக் குருட்டுக் கண்ணை வைத்துக்கொண்டு, என்னை நிஜமாகவே ஜெயித்துவிடலாம் என்று நம்பிக்கொண்டு வந்து படுத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரேஞ்ச் பாய் எங்கள் இரண்டு பேருக்கும் டீ சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

காரை அங்கேயே விட்டுவிட்டு டாக்ஸியில் வீட்டுக்கு வந்தோம். கண்ணில் புரை என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துச் சொன்னார்கள். முற்றிவிட்டது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஊரில்தான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் நின்றார். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அன்று அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

“பந்தயம்னா பந்தயம்! நீ ஜெயிச்ச, நீ இங்க இரிக்கணும். கண்ணு என்ன கண்ணு? ஆப்பரேசன் செய்தா தீந்துச்சு.”

“ஜெயிச்சது யாரு?”

“நீ.”

“அப்பம் ஜெயிச்ச ஆளு சொல்லுதேன், நான் வாறேன். தோத்தவங்க பெட்டியக் கட்டுங்க.”

பாவம் பார்த்துத்தான் வந்தேனா என்று சில நாள் என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. இல்லை. அவர் இல்லாத அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? ஆனால் இன்-சார்ஜ் வேலையை நினைத்தால் இப்போதும் மனசு சுருக்கென்கிறது. இங்கே எதிர்பார்த்தபடியே எல்லோரும் “சமைச்சாச்சா?” என்றுதான் கேட்கிறார்கள்.

நாகர்கோவிலில் அவருக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு காலை கடற்கரைக்குப் போய்ப் பை நிறையச் சாளை வாங்கிவந்தார். பழக்க தோஷத்தில் நான் கத்தியையும் சட்டியையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் பதினொரு ஓட்டை அட்டையை எடுத்து வந்தார். நான் பத்திரமாக வைத்திருந்தது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆற அமரப் பார்த்தார். அந்த நடுக்குண்டு என் அட்டையில் விழுந்த பிறகு அவர் அதை ஒழுங்காகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நடு ஓட்டையில் சுண்டுவிரலை வைத்து, “இது யாருக்க குண்டு?” என்றார்.

“உங்களுக்க குண்டுதான்.”

“உனக்க பத்துல இத மாதிரி ஒண்ணு உண்டா?”

பார்த்தேன். இல்லை.

அவர் கத்தியை என் பக்கம் தள்ளினார். அன்றைக்குச் சாளையை நான் கழுவினேன்.