மூன்றாவது மாடியில் குடியிருந்தவர்கள்

பூனை குறுக்கே போனால் புலி என்று சொல்கிற ஆள்தான் நான். என் மனைவியே சாட்சி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கலப்படம் கிடையாது. நம்பாதவர்கள் என் மாப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார். முகம் வெளிறிப்போகும். அது போதும்.

போர் முடிந்த கையோடு அவசரமாக எழுப்பிய அரசு அலுவலகம் அது. நான் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்து மாடி. அலமாரியை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு அழகு! நடுவே நீள வராந்தா, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த கதவுகள். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் கழிப்பறை தேடிப் போய், ஓய்வு பெறும் வயதில்தான் திரும்பி வந்தார். சரி, சரி... மத்தியானமே வந்துவிட்டார். சுவர் மட்டும் அசுர கனம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

அதை வெடி வைத்து இடிக்கும் வேலை என் மாப்பிள்ளைக்கு வந்தது. தனிப் பொறுப்பில் அவருக்கு அதுதான் முதல் வேலை. வயரிங் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

வெடிக்கு முன் ஒரு முறை உண்டு. காலி அறையானாலும் கதவைத் தட்ட வேண்டும். "ஆள் இருக்கா?" என்று கேட்டு, காத்திருந்து, திறந்து பார்த்து, சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். போக்கிடம் இல்லாதவர் யாராவது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால்? எல்லாக் கதவிலும் குறி விழுந்த பிறகுதான் பொத்தான்.

காலை பத்து மணி. பளீரென்று வெயில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

மேல் இரண்டு மாடியும் காலி. மூன்றாவது மாடி, முதல் கதவு. மாப்பிள்ளை தட்டினார்.

"ஆள் இருக்கா?"

"இருங்க... வரேன்."

பெண் குரல். கூடவே பாத்திரம் வைக்கும் சத்தம். ணங்...

திறந்தோம். வெற்று அறை. ஜன்னலைப் பெயர்த்த ஓட்டை.

"மாமா, நீங்கதானே விளையாடுறீங்க?"

"அந்தத் திறமை இருந்தா நான் ஏன் மாப்ள ஒயர் இழுத்துக்கிட்டிருந்தேன்?"

சிரித்தோம். நாங்கள் நிறுத்திய பிறகும் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த கதவு.

"யாரது, இந்த ராத்திரியில?" தூக்கக் கலக்கத்தில் ஓர் ஆண்.

காலி.

அதற்கடுத்த கதவு. குழந்தை அழுதது. யாரோ அதை அடக்கினார்கள். ஷ்ஷ்...

காலி.

மாப்பிள்ளை கையில் சாக்பீஸ் உடைந்தது. "குறி போட மாட்டேன் மாமா. நான் பொத்தானை அழுத்தி, யாராவது செத்துட்டா?"

"கண்ணால பாத்தாச்சு மாப்ள. யாரும் இல்ல."

"காதால கேட்டாச்சே!"

வழியெல்லாம் இதே கதைதான். மூலையில் கடைசிக் கதவு. தட்டவே இல்லை.

"உள்ள வாங்க தம்பி. எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆள் கிடைத்துவிட்டார்களே! கதவைத் தள்ளி, வேகமாகக் கால் எடுத்து வைத்தார்.

காலரைப் பிடித்து இழுத்தேன்.

அறையில் தரை இல்லை.

கட்டடம் சீராக விழட்டும் என்று, கீழ் மூன்று மாடிகளிலும் அந்த மூலையை முதல் நாளே வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டச் சொன்னதே அவர்தான். கீழே கம்பிகள் நிமிர்ந்து நின்றன.

எதிரே, வெறும் காற்றிலிருந்து, ஒரு சிறுமியின் குரல்...

"அம்மா, மறுபடியுமா?"

ஓடினோம்.

அவரை நான் முந்தினேன். சத்தியம்.

ஆட்கள் இரண்டு தடவை தேடினார்கள். ஒரு கொசுகூட இல்லை. மாலையில் மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

இரண்டு வருடம் கழித்து, அந்தக் கட்டடத்துக்குக் கலவை போட்ட கொத்தனார் ஒருவர் கிடைத்தார்.

"அப்போ செங்கல் ஏதுங்க? பக்கத்துத் தெருவுல ராத்திரி குண்டு விழுந்துச்சு. தூங்கினவங்க தூங்கினபடியே போனாங்க. உடம்புகளை முழுசா எடுக்கக்கூட முடியல. அந்த இடிபாட்டை அப்படியே அரைச்சு மூணாவது மாடிக்குப் போட்டோம்."

அன்றே மகள் வீட்டுக்குப் போனேன். புது அடுக்ககம், புதுப் பெயிண்ட் வாசனை. மாப்பிள்ளையிடம் எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"நாம இடிச்சதெல்லாம் எங்க போச்சு மாப்ள?"

"அரைச்சு, புதுக் கட்டடம் ஒண்ணுக்கு..."



சாய்ந்திருந்த சுவரிலிருந்து மெதுவாக முதுகை எடுத்தார்.