ஒன்பதாம் அறை காலியில்லை

இது எனக்கே நடந்தது. மாலை ஐந்தரை மணி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் முழு விழிப்பில் இருந்தேன்.

தென்காசியில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். குற்றாலத்து விடுதி ஒன்றின் ஆன்லைன் புக்கிங்கை அங்கிருந்தே கவனித்துக்கொள்வது என் வேலை. யாருடனும் பேசாமலே பல நாள்கள் கழிந்துவிடும். அன்று போனை எடுத்தபோது என் குரலே எனக்கு அந்நியமாக ஒலித்தது.

விடுதி மேனேஜர் பிச்சுமணி பேசினார்.

"தம்பி, கைப்பிள்ளையோட புருசன் பொஞ்சாதி நிக்காங்க. பிள்ளைக்குக் காய்ச்சல், கொதிக்கு. மழை வேற கொட்டுது. ஒன்பதாம் ரூம் ஒண்ணுதான் காலி. கம்ப்யூட்டர்ல பில் ஏற மாட்டேங்கு."

"சாவியக் குடுத்துருங்களேன் அண்ணாச்சி."

"பில்லு இல்லாம குடுத்தா முதலாளி என்னைய அருவியில தள்ளிருவாரு."

டேட்டாபேஸைத் திறந்தேன். ஒருவர் ஓர் அறையைப் பதிவு செய்யத் தொடங்கினால், முடிக்கும் வரை அதை வேறு யாரும் தொட முடியாது. ஒன்பதாம் அறையை யாரோ அப்படிப் பிடித்திருந்தார்கள். அந்த இணைப்பைத் துண்டித்தேன்.

உடனே புதிய இணைப்பு... அதே அறை.

மறுபடி துண்டித்தேன். மறுபடி வந்தது.

வெளியிலிருந்து யாரும் நுழையாதபடி தளத்தை மூடினேன். சர்வரையே நிறுத்தி மீண்டும் தொடங்கினேன்.

ஓர் இணைப்பு மட்டும் உள்ளே காத்திருந்தது.

பெயர்: ஸ்ரீமதி. ஆட்கள்: ஒன்று.

தனியாக வருபவருக்கு அறை இல்லை என்பது அந்த விடுதியின் விதி. புரோகிராம் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. அறையைக் கொடுப்பதுமில்லை. ஆளை விடுவிப்பதுமில்லை.

போனில் கேட்டுக்கொண்டிருந்த மழைச் சத்தம் நின்றிருந்தது. என் அறை ஃபேன் சத்தமும்...

அந்த விதியை அழித்தேன்.

ஒன்பதாம் அறையைப் பிடித்திருந்த பூட்டு விலகியது.

"பில்லு வந்துட்டு தம்பி!" போனில் பிச்சுமணி சிரித்தார். "மூணு பேருக்கு நாலுன்னு வந்திருக்கு. கைப்பிள்ளைய ரெண்டா எண்ணிட்டா உங்க கம்ப்யூட்டரு?"



மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். இப்போது சிரிப்பு இல்லை.

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு. தாய்க்காரி போகும்போது கேக்கா... ராத்திரி பூரா பிள்ளையத் தோள்ல போட்டு நடந்த அக்கா எங்கனன்னு. சேலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"போன சீசன்ல ஒரு பொம்பளை தனியா வந்து நின்னா, தம்பி. நாந்தான் ரூம் இல்லன்னேன். மறுநாள் சிற்றாத்துலதான் எடுத்தாங்க. ஸ்ரீமதின்னு பேரு."

திரையில் பார்த்த பெயரை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.