இன்னும் பாச்சி குடிக்கிறவள்

"எக்ஸ்கியூஸ் மீ அம்மா, பாச்சி பிளீஸ்" என்று என் மகள் ஆரணி ஸ்காபரோ பஸ்ஸில் வைத்துக் கேட்பாள். வயது இரண்டரை. இவ்வளவு மரியாதையாகத் தாய்ப்பால் கேட்கிற பிள்ளைக்கு எப்படி இல்லையென்பது? மடியில் தூக்கி வைத்துக் கொடுக்கத் தொடங்குவேன். உடனே ஒரு விசித்திரம் நடக்கும். பஸ்ஸில் ஒருவரும் எங்களைப் பார்க்கமாட்டார்கள். முன்னால் இருப்பவர் போனுக்குள் தலையை விடுவார். பக்கத்தில் இருப்பவர் யன்னலுக்கு வெளியே எதையோ தேடத் தொடங்குவார். இந்த நாட்டில் பார்க்காமல் இருப்பதும் ஒரு பார்வைதான். ஊரிலென்றால் நேரே முகத்தைப் பார்த்து, இன்னும் கொடுக்கிறாயோ என்று கேட்டு, நான் வாய் திறக்க முதலே தங்கள் பிள்ளைகள் குடித்த கதையைத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அதுதான் சுகம். திருப்பி ஏதாவது சொல்லலாம்.

ஒரே ஒருவர் மட்டும் கேட்டார். நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல மனுசி. நான் பால் கொடுப்பதைப் பார்த்து, பிள்ளைக்கு என்ன வயதென்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் புதன்கிழமைகளில் சாப்பாடு கொடுப்பார்கள், கட்டாயம் வாருங்கள் என்றார். ஏதோ கொண்டாட்டத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, நாங்களும் றோல்ஸ் சுட்டுக்கொண்டு வருகிறோம் என்றேன். அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது. வீட்டில் சாப்பாடு இல்லாதபடியால்தான் இந்த வயதிலும் பால் கொடுக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். பேஸ்மென்றில் இரண்டாவது பிரிஜ் வைத்து நிரப்பியிருக்கும் குடும்பம் எங்களுடையது. வீடு வரும்வரை சிரித்தேன். பிறகு கோபம் வந்தது.

ஏனென்றால் சாப்பாடு இல்லாமல் பால் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். என் அம்மா. ஊரில் சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பல குடும்பங்களோடு இருந்தோம். தம்பிக்கு மூன்று வயது. பால்மா கண்ணாலும் காணக் கிடைக்காது. அவனுக்குப் பால் மறக்கப்பண்ண நினைத்திருந்த அம்மா அந்த நினைப்பையே விட்டுவிட்டார். அந்த வகுப்பறையில் பசியில்லாமல் நித்திரை கொண்டவன் அவன் ஒருவன்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. பால் கொடுக்கிற மனுசி என்று, பக்கத்துப் பாயில் இருந்தவர் தன் கஞ்சியில் பாதியை அம்மாவுக்கு ஊற்றினார். அந்தத் தம்பி இப்போது பிறம்ரனில் ட்ரக் ஓட்டுகிறான். எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் உள்ளே வருவான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவை நினைத்து எனக்குத் தலை நிமிரும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒருநாள் தளர்ந்துபோனேன். தளர வைத்தவர் என் மச்சாள், கணவரின் அக்கா. பக்கத்தில் ரூஜ் என்ற இடத்தில் இருக்கிறார். எங்களில் அன்பு உள்ளவர்தான், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை விமானத்தில் கூடவே ஏற்றிக்கொண்டு வந்தவர். இங்கே ஊர் இல்லாதபடியால், பகலில் பிள்ளைகளைப் பார்க்கும் டேகெயாருக்குப் பயந்தார்.

"செப்டெம்பரிலை டேகெயார் தொடங்குது. அங்கை போய்ப் பிள்ளை பாச்சி கேட்டால், எங்களைப்பற்றி என்ன நினைப்பினம்?" என்றார்.

பல் சூத்தையாகும் என்றார், பிள்ளை தாயைவிட்டு நகராது என்றார். விருப்பமானவரை கொடுக்கலாம் என்று எங்கள் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். டொக்டருக்கென்ன, அவவோ எங்கள் சனத்துக்குப் பதில் சொல்கிறது என்றார். நிறுத்த எனக்கு மனமே இல்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் அவள் ஓடிவந்து மடியில் ஏறுகிற அந்த நேரம்தான் என் நாளிலேயே நல்ல நேரம். ஆனாலும் நூலகத்துப் பெண்மணியின் கலங்கிய கண் உள்ளே கிடந்து உறுத்த, சரி என்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை மச்சாள் வேப்பிலையோடு வந்தார். குளிருக்கு வீட்டுக்குள்ளும் வெயிலுக்கு வெளியிலுமாகத் தூக்கித் தூக்கிச் சாடியில் அவர் வளர்க்கும் வேம்பு அது. அரைத்து மார்பில் இரண்டு பக்கமும் பூசினேன். பிள்ளை கசப்பில் முகம் சுளிக்கும், அழும், இரண்டொரு நாளில் மறந்துவிடும். எங்கள் தாய்மார் எல்லோரும் செய்த வேலை. சோபாவில் இருந்து அவளைக் கூப்பிட்டேன்.

ஆரணி வந்தாள். சட்டையை விலக்கிப் பார்த்தாள். அழவில்லை. "ஓ நோ, அம்மா டேர்ட்டி" என்றாள். மேசைக்கடியில் இருந்த பையைத் திறந்து துடைக்கிற ஈரத்தாள் வைப்ஸ் ஒன்றை இழுத்து எடுத்தாள். தன் வாயை நான் துடைத்துவிடுவதுபோலவே, மெல்ல, ஒரு பக்கத்தை மட்டும் மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். பிறகு மடியில் ஏறிக் குடிக்கத் தொடங்கினாள்.

மச்சாள் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"எனக்கும் அம்மா உப்பிடித்தான் பூசினவ. நான் அழுதழுது விட்டிட்டன். உவள் துடைச்சுப்போட்டுக் குடிக்கிறாள்" என்றார்.

அவர் குரலில் இருந்தது கோபமில்லை. போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து என் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். பால் கொடுக்கிறவளுக்குத் தாகமெடுக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

வேம்பு கசக்கும் என்று என் மகளுக்குத் தெரியாது. வேம்பில்லாத நாட்டில் வளர்கிற அவளுக்கு அது வெறும் அழுக்கு. அதை நினைக்கக் கொஞ்சம் வலித்தது. தனக்கு வேண்டியதை ஒருவருக்கும் பயப்படாமல் எடுத்துக்கொள்கிறாளே என்று அதைவிடப் பெருமையாக இருந்தது. பச்சை பிடித்த வைப்ஸைப் பொத்திப் பிடித்தபடி அவள் ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பக்கத்தில் வேப்பிலை காய்ந்து இறுகத் தொடங்கியிருந்தது. நான் அதைக் கழுவப் போகவில்லை. வேண்டுமென்றால் அவளே துடைத்துக்கொள்வாள்.